முதலாளியும் நீங்கள், நாட்டாமையும் நீங்கள்

முதலில் ஓர் அணியை வாங்குங்கள். லீக்கின் கமிஷனராக இருந்துகொண்டு அணி வாங்குவதா என்று கூச்சப்பட வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, 2010 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸை அப்படித்தான் வாங்கியது. உரிமையாளர் ஜார்ஜ் ஷின்னால் நடத்த முடியவில்லை. ஊரில் வாங்க ஆள் அமையவில்லை. சுமார் 30 கோடி டாலருக்கு லீக்கே எடுத்துக்கொண்டது. அதாவது மற்ற 29 அணிகளின் முதலாளிகளும் முப்பதாவது அணிக்குப் பங்காளிகள். ஹார்னெட்ஸை எதிர்த்து ஆடுகிறவர்களுக்கே ஹார்னெட்ஸும் சொந்தம். இதில் வில்லங்கம் வராதா என்று எவராவது கேட்டால், தற்காலிக ஏற்பாடுதான் என்று சொல்லிவிடுங்கள். எந்த வில்லங்கமும் தொடங்கும்போது தற்காலிகம்தான்.

அடுத்து, அணிக்கு ஒரு பொது மேலாளர் வேண்டும். முடிவெல்லாம் அவருடையது என்று மற்ற அணிகள் நம்புமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்னெட்ஸில் அந்த வேலை டெல் டெம்ப்ஸுக்கு. நட்சத்திர வீரர் கிறிஸ் பால் அடுத்த கோடையில் கிளம்பிவிடுவார் என்று தெரிந்ததால், சும்மா போவதற்குள் அவரைக் கொடுத்து நாலு பேரை வாங்கலாம் என்று டெம்ப்ஸ் போனும் கையுமாக அலைந்து மூன்று அணிகளுக்கு இடையே ஒரு டிரேட்டை முடித்தார். பால் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு. லேக்கர்ஸின் பாவ் கசோல் ஹூஸ்டனுக்கு. லமார் ஓடம், லூயிஸ் ஸ்கோலா, கெவின் மார்ட்டின், கோரன் டிராகிச், கூடவே புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு முதல் சுற்று வாய்ப்பு, இத்தனையும் நியூ ஆர்லியன்ஸுக்கு. மோசமில்லை என்றுதான் பலரும் சொன்னார்கள்.

நாள் பார்ப்பது முக்கியம். இந்தச் செய்தி வெளியானது 2011 டிசம்பர் 8. சம்பளத் தகராறில் 161 நாள் லீக்கை இழுத்து மூடியிருந்த முதலாளிகள், புதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்த அதே நாள். பெரிய ஊர் அணிகள் நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு போகின்றன என்பது சின்ன ஊர் முதலாளிகளின் நெடுநாள் புலம்பல். ஒப்புதல் தந்த சூட்டோடு சூடாக நாட்டின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறார்!

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வர வேண்டும். வரும். கிளீவ்லாந்து முதலாளி டான் கில்பர்ட் எழுதினார். லெப்ரான் ஜேம்ஸ் அவரை விட்டு மயாமிக்குப் போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. இந்த டிரேட்டை எப்படி அனுமதிப்பது, ஹார்னெட்ஸின் உரிமையாளர்களான 29 பேரும் ஓட்டுப் போடட்டும் என்றார். பெரும்பாலான அணிகளுக்கு வாஷிங்டன் ஜெனரல்ஸ் என்று பெயர் மாற்றிவிடலாமே என்றும் கேட்டார். ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கைக் குழுவிடம் தோற்பதற்கென்றே ஊர் ஊராகப் போகும் அணி அது. நியாயமான கோபமாகவும் இருக்கலாம். ஆனால் எழுதியவர் போட்டி அணிக்காரர். உங்கள் அணியின் பங்காளி. உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்களில் ஒருவர். மூன்றில் எந்த ஆள் எழுதினார் என்று உறையில் குறிப்பு இருக்காது.

இப்போது டிரேட்டை நிறுத்துங்கள். காரணம் சுருக்கமாக இருக்கட்டும். அன்றைய கமிஷனர் டேவிட் ஸ்டெர்னின் அலுவலகம் சொன்னது "கூடைப்பந்துக் காரணங்கள்". கூடைப்பந்து லீக்கில் வேறு என்ன காரணம் இருக்கும், வாலிபால் காரணமா என்று குறும்பர்கள் கேட்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். அணியே வாங்காமல் இதைச் செய்த முன்னோடியும் உண்டு. 1976இல் ஓக்லாந்து பேஸ்பால் முதலாளி சார்லி ஃபின்லி மூன்று வீரர்களை 35 லட்சம் டாலருக்கு விற்றபோது, ஆட்டத்தின் நலன் என்று சொல்லி கமிஷனர் போவி கூன் ரத்து செய்தார். ஃபின்லி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்.

உண்மையைச் சொன்னால், ஸ்டெர்ன் மறுத்தது தவறு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஓடமும் ஸ்கோலாவும் 30 தாண்டியவர்கள். வரவிருந்தவர்களின் சம்பளமும் கொஞ்சமல்ல. அணியோ விற்பனைக்கு இருக்கிறது. மேலாளர் கொண்டுவந்த பேரத்தை முதலாளி வேண்டாம் என்பது எந்த ஊரிலும் நடப்பதுதான், யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இந்த முதலாளிதான் மற்ற அணிகளின் பேரங்களுக்கும் முத்திரை குத்துகிறவர். சரி என்றால் லேக்கர்ஸுக்குத் தாரை வார்த்தார் என்பார்கள், வேண்டாம் என்றால் கில்பர்ட்டுக்குப் பயந்தார் என்பார்கள். அந்த நாற்காலியில் அரிச்சந்திரனே உட்கார்ந்தாலும் ஊர் நம்பாது.

இடையில் வீரர்களைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த ஆண்டுதான் ஓடம் மாற்று வீரர்களில் சிறந்தவருக்கான விருதை வாங்கியிருந்தார். தன்னைத் தள்ளிவிடப் பார்த்தார்கள் என்று தெரிந்த பிறகு லேக்கர்ஸில் இருக்க அவருக்கு மனமில்லை. சில நாளில் டல்லாஸுக்குப் போனார். பதிலுக்கு லேக்கர்ஸுக்கு ஒரு வீரர்கூட வரவில்லை.

அடுத்த நாள் அறிக்கை விடுங்கள். மற்ற முதலாளிகளின் தலையீடு இல்லை, அந்தப் பேரத்தைவிட, பால் ஹார்னெட்ஸ் சட்டையில் இருப்பதே அணிக்கு நல்லது என்று ஸ்டெர்ன் சொன்னார். டிசம்பர் 14 அன்று பால் ஹார்னெட்ஸ் சட்டையைக் கழற்றினார். போனது எங்கே? லாஸ் ஏஞ்சலஸுக்கேதான். அன்று லேக்கர்ஸ் ஆடிய அதே ஸ்டேப்பிள்ஸ் சென்டரைச் சொந்த மைதானமாகக் கொண்டிருந்த கிளிப்பர்ஸுக்கு. பதிலுக்கு வந்த எரிக் கார்டன் இளைஞர், அருமையான ஆட்டக்காரர், காயத்தால் அந்த சீசனில் 9 ஆட்டம்தான் ஆடினார்.

அதிர்ஷ்டம் வந்தால் கதவைச் சாத்துங்கள். 2012 ஏப்ரலில் டாம் பென்சன் 33.8 கோடி டாலருக்கு ஹார்னெட்ஸை வாங்க ஒப்புக்கொண்டார். மே மாதக் குலுக்கலில் முதல் டிராஃப்ட் வாய்ப்பு, அதாவது எல்லோரும் கண்வைத்திருந்த ஆந்தனி டேவிஸ், ஹார்னெட்ஸுக்கே விழுந்தது. சதி என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. இருந்தும் இன்றுவரை சிரிக்காமல் அதைப் பேசுகிறவர்கள் குறைவு.

பின்னாளில் பேட்டி கொடுக்கும்போது, கமிஷனராக அல்ல, உரிமையாளரின் இடத்திலிருந்துதான் மறுத்தேன் என்று ஸ்டெர்னைப் போல் விளக்குங்கள். அதைச் செய்தபோதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால் அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லுங்கள்.

இத்தனை சத்தம் வேண்டாம் என்றால் பேஸ்பால்காரர்களிடம் படியுங்கள். 2002இல் மாண்ட்ரியால் எக்ஸ்போஸை அவர்கள் லீக் 12 கோடி டாலருக்கு வாங்கியது. 2003 ஆகஸ்ட் கடைசியில் அந்த அணி பிளே-ஆஃப் வாய்ப்பில் இருந்தது. செப்டம்பரில் எல்லா அணிகளும் கீழ்மட்ட அணிகளிலிருந்து கூடுதல் வீரர்களை அழைத்துக்கொள்ளலாம். எக்ஸ்போஸுக்கு மட்டும் பணமில்லை என்றார்கள். டிரேட்டை நிறுத்தவில்லை, அறிக்கை விடவில்லை, ஒரு மாதச் சம்பளத்தைத் தரவில்லை, அவ்வளவுதான். அணி பின்தங்கியது, 2005இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது, 2006இல் 45 கோடி டாலருக்கு விலைபோனது. ஆகவே விற்பதற்கு அவசரப்படாதீர்கள்.