கேம் ஆட ஒரு லினக்ஸ்

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு, கேம் ஆடுவதற்கென்றே வந்திருக்கும் 'பஸைட்' லினக்ஸைப் போடலாம் என்கிறான் என் மகன். நம்பலாமா?

பதில்: தாராளமாக. ஃபெடோராவை அடித்தளமாகக் கொண்ட இலவச சிஸ்டம் அது. கேம்களை வாங்கி ஆடும் 'ஸ்டீம்' ஆப் கூடவே வரும். விண்டோஸுக்காக எழுதிய கேம்களை லினக்ஸில் ஓடவைப்பது, வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த 'புரோட்டான்'. அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். கல்யாணத்தில்கூட இந்த வசதி கிடையாது. டவுன்லோடு செய்யும்போது கிராஃபிக்ஸ் கார்டு என்ன என்று கேட்பார்கள், சரியாகச் சொல்லுங்கள். குடும்பப் போட்டோக்களை முதலில் வேறு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். ஒரே குறை: வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது, அவற்றின் ஆன்டி-சீட் (மோசடித் தடுப்பு) காவலர்கள் வாசலிலேயே மறித்துவிடுவார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் போட்டால், அந்தக் குறையும் நிறைதான்!