வண்டு வந்த சாமத்தியவீடு

ஜெயபுரத்தில் ஒரு சாமத்தியவீடு. பந்தலுக்கு மேலே ட்ரோன் இரைந்ததும் ஓரத்தில் நின்ற ஆச்சி அண்ணாந்து பார்த்து, "வண்டு சுத்துது, உள்ளுக்க வாங்கோ பிள்ளையள்" என்றா. யுத்தகாலத்தில் வேவு விமானத்துக்கு வன்னி வைத்த பெயர் அது. அந்த வண்டுக்கு எல்லாம் தெளிவாய்த் தெரிந்தது. இந்த வண்டுக்குத்தான் மத்தியான வெயில் ஒத்துவரவில்லை.

கமராக்காரத் தம்பி ஷட்டரை ஐம்பதில் ஒரு செக்கனில் வைத்திருந்தார். வெளிச்சத்தைப் பதினாறில் ஒன்றாக்கும் என்.டி. 16 கண்ணாடியோ பெட்டிக்குள் பத்திரமாய்க் கிடந்தது. "கீறல் விழுந்திடும் அண்ணை." ட்ரோனை ஒரு பாய் விரித்து இறக்கியிருக்கலாம், இறக்கியது முற்றத்துப் புழுதியில். பிறகு சேட்டு நுனியால் லென்ஸைத் தேய்தேயென்று தேய்த்தார்.

வீடியோவில் பிள்ளையும் ஆலாத்தித் தட்டும் வெள்ளை வெளேர். பந்தல் நிழலில் அண்ணாந்து நிற்கும் ஆச்சி மட்டும் நல்ல தெளிவு.