மார்கழிப் பேரிடர் மேலாண்மை

டிசம்பர் சீசனில் ஒரே சபாவில் உட்கார்ந்து கேட்பவர் ரசிகர். நாலு சபாவுக்கும் அலைபவர் நிர்வாகி. நான் இரண்டாவது ரகம். சபாக்காரர்கள் அவரவர் அரங்குக்கு ஜெனரேட்டர், தீயணைப்பான் எல்லாம் வைத்துக்கொள்கிறார்கள். தி.நகர் வாணி மகாலிலிருந்து டி.டி.கே. சாலை நாரத கான சபா வரைக்கும் உள்ள வழிக்கு யார் பொறுப்பு? ஆகவே நவம்பரிலேயே ஒரு எக்செல் தாள் போட்டுவிடுவேன். எந்த சபா, யார் பாட்டு, என்ன அபாயம், அதற்கு என்ன மாற்று. வீட்டில் அதற்கு 'இவரோட ஜாதகம்' என்று பெயர்.

சிரிக்கட்டும். 2016-ஐ மறந்துவிட்டார்கள். நவம்பர் 8 இரவு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். டிசம்பர் 12 அன்று வர்தா வந்து மரங்களைச் சாலையில் படுக்க வைத்தது. 15-ஆம் தேதி மியூசிக் அகாடமியில் விழா தொடங்கிவிட்டது! அந்த வருஷத் தாளில் நான் எழுதியிருந்தது: 'மழை – குடை.'

ஆனால் இந்தத் துறையில் பெரிய அபாயம் புயல் அல்ல, மெயின் ராகம். தி.நகரில் ஆறரைக்கு வர்ணம் தொடங்கினால் எட்டுக்குள் தனி ஆவர்த்தனம் வந்துவிடும், அப்போது நழுவினால் மயிலாப்பூரில் பல்லவிக்குப் போய் நிற்கலாம் என்பது கணக்கு. அரியக்குடி வகுத்துக் கொடுத்த கச்சேரிப் பத்ததியை நம்பிப் போட்ட கணக்கு. (தனிக்கு எழுந்து போவது மிருதங்கக்காரருக்குச் செய்யும் அவமரியாதை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வேன். என் தாளில் மட்டும் அதற்குப் 'பயண நேரம்' என்று பெயர்.) வித்வானோ ஏழரைக்குத் தோடியை எடுத்தவர் எட்டேகாலுக்கும் காந்தாரத்தை விட்டு இறங்குவதில்லை. எழுந்தால் அபசாரம், உட்கார்ந்தால் பல்லவி போச்சு. பாதித் தோடியோடு கிளம்பி, மெட்ரோவுக்குத் தோண்டிய சாலைகளில் ஆட்டோவில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், அங்கே மங்களம். வாசலில் வண்டிக்கு நிற்பவர் விசாரிக்காமலே சொல்கிறார்: "பல்லவி பிரமாதம் சார்!"

2020-இல் கொரோனாவால் கச்சேரிகள் இணையத்துக்கு வந்தபோது துள்ளிக் குதித்தேன். ஒரே சோபா, நாலு சபா. வைஃபை போனால் மொபைல் டேட்டா. எல்லாக் கட்டமும் நிரம்பியது, ஒன்றைத் தவிர. சமையலறைப் பக்கம் திரும்பி, "கேண்டீன் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்றேன். பதிலுக்கு வந்த பார்வைக்குத் தாளில் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை.

அவள் தாளெல்லாம் பார்ப்பதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்துச் சபாவுக்கு நடந்து போவாள். டிக்கெட் இல்லாத கச்சேரி, யாரோ சின்னப் பெண் பாடுவாள். தனி ஆவர்த்தனம் முழுக்கக் கேட்டுவிட்டு வடைப் பொட்டலத்தோடு திரும்புவாள். இதில் என்ன அபாயம் இருக்க முடியும் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். வரும் வழியில் வடை ஆறிவிடலாம். அதையும் தாளில் ஏற்றிவிட்டேன். மாற்று: நானே நேரில் போய்ச் சாப்பிடுவது.