வெங்காய முடியும் இறால் நரம்பும்: கோட்டைக்குப்பத்துத் திண்ணையிலிருந்து ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆதிமனிதன் கல்லோடு கல்லைத் தட்டிய நாள்தொட்டே தாளம் இருந்துவருகிறது. இப்படித் தொடங்காத ஆய்வேடு இதுவரை தேறியதாகத் தெரியவில்லை. கடமை முடிந்தது; இனி விஷயத்துக்கு வரலாம்.

ஆய்வுப் பொருள்: கைக்குள் அடங்கும் வீடியோகேம் பெட்டிகளில், பாட்டுக்குத் தகுந்தபடி பொத்தானை அமுக்கும் கிறுக்குத்தனமான தாள ஆட்டங்கள். ஆய்வுக் களம்: திருவள்ளூர் மாவட்டம், பழவேற்காடு ஏரிக்கரை, கோட்டைக்குப்பம். குறிப்பாக, என் அத்தை வீட்டுத் திண்ணை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் சமீபத்தில் எந்தப் பன்னாட்டுக் கருத்தரங்கக் கோவையையும் புரட்டியிருக்க மாட்டார். (பன்னாடு என்பது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரும் கோலாலம்பூரிலிருந்து கடைசி நேரத்தில் வராமற்போன ஒருவரும்.)

முன்னாய்வுகள்: இல்லை.

களத்தில் இறங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. கோட்டைக்குப்பத்துக்காரர்களுக்கு ஆய்வாளர்கள் புதிதல்ல. இறால் நன்றாகப் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துக்கொள்ளும் பாடு வழக்கம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்குள் நெடுங்காலமாக இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வினாத்தாளோடு ஒரு கூட்டம் வரும். பூநாரை பார்க்கத் தொலைநோக்கியோடு இன்னொரு கூட்டம். 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டையையும் டச்சுக் கல்லறைகளையும் தடவிப் பார்க்க மூன்றாவது கூட்டம். ஆகவே கரையில் நின்ற பெரியவர் என் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்ததும் சுருக்கமாகவே கேட்டார்: "பாடா, பட்சியா, டச்சா?"

"கேம்" என்றேன்.

"அதுக்கு எங்கூட்டுப் பசங்களாண்ட போ, தம்பி" என்று அனுப்பிவிட்டார். நேர்காணல் முறையியல் பற்றி இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை நான் எந்தப் பேராசிரியரிடமும் பெற்றதில்லை.

இனி வகைப்பாடு. முதல் வகை, ராப் பாடும் நாய். 'பராப்பா தி ராப்பர்', 1996, பிளேஸ்டேஷன். பிறகு கையடக்கப் பெட்டியான பிஎஸ்பிக்கும் வந்தது. நாய் காகிதம்போலத் தட்டையாக இருக்கும். போதும்.

இரண்டாம் வகை, ஊரில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் பாய்ந்து வந்து ஆடிப்பாடி ஊக்கமூட்டும் கறுப்புக்கோட்டு வாலிபர்கள். 'ஓஸு! தத்தகாயே! ஓயெண்டான்', 2005, நிண்டெண்டோ டிஎஸ். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்தவர்கள் இதை ஆவணப்படம் என்று எண்ணக்கூடும்.

மூன்றாம் வகை, 'பட்டாபொன்'. 2007-இல் பிஎஸ்பிக்காக ஜப்பானில் வெளிவந்தது. இதில் நீங்கள் கடவுள். கண்ணே உடம்பாக அமைந்த குட்டிப் பிறவிகள் உங்கள் படை. வாயால் கட்டளையிட முடியாது, முரசுதான். சதுரப் பொத்தான் 'பட்டா', வட்டப் பொத்தான் 'பொன்'. பட்டா பட்டா பட்டா பொன் என்று அடித்தால் படை முன்னே நடக்கும். பொன் பொன் பட்டா பொன் என்றால் ஈட்டி பாயும். நான்கு அடி உங்களுடையது. அடுத்த நான்கு அடிக்கு அவர்கள் அதையே திருப்பிப் பாடியபடி வேலையை முடிப்பார்கள். அந்த நான்கு அடியும் கடவுள் சும்மா இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் இடையே ஒரு தட்டுத் தட்டினால் படை தடுமாறி நின்றுவிடும். (காண்க: என் வலது கட்டைவிரல். மறுப்புரைக்கு: என் இடது கட்டைவிரல்.)

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஒருவர் அம்பா என்னும் இழுவைப் பாட்டை எடுத்துக்கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிப் பாடும் அந்தக் கணத்தில்தான் அத்தனை கையும் சேர்ந்து கயிறு ஒரு பாகம் உள்ளே வரும். எடுத்துக்கொடுப்பவர் அவசரப்பட்டால் இழுப்பு சிதறும், வலை கோணும். பட்டாபொன் நம் அம்பாவிலிருந்து களவாடப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லவிருக்கும் கட்டுரைக்கு மேற்கோளாக இருக்கவே விரும்புகிறேன். இன்ஜின் படகுகள் வந்தபின் அம்பாவுக்கு வேலை குறைந்தது. பிஎஸ்பியை சோனி 2014-இல் நிறுத்தியது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவு ஆழமாகத் தெரிகிறது பாருங்கள்.

கருவியியல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது உண்மையிலேயே முக்கியம். தாள ஆட்டங்கள் கையடக்கப் பெட்டியில் செழித்ததற்குக் காரணம் உண்டு. திரை, பொத்தான், ஒலிபெருக்கி மூன்றும் ஒரே உடம்பில் இருப்பதால் விரல் அமுக்குவதற்கும் காது கேட்பதற்கும் நடுவே பிசிறு குறைவு. அதே ஆட்டத்தைப் பெரிய டிவியில் போட்டால் படம் பிந்தும். புளூடூத் இயர்போன் மாட்டினால் ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிந்தும். தாளத்தில் அது ஒரு யுகம். சபாவில் தொடையைத் தட்டும் ரசிகர் சிலருக்கும் இதே பிந்துதல் உண்டு. அவர்களிடம் புளூடூத் கிடையாது.

நான்காம் வகைக்கு வந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். முன்சொன்ன மூன்றும் பக்க எண்ணிக்கைக்கு.

'ரிதம் தெங்கோகு'. கேம்பாய் அட்வான்ஸின் அந்திமக் காலத்தில், 2006-இல், ஜப்பானில் மட்டும் வெளியானது. மோர்னிங் முசுமே என்ற பெண்கள் பாட்டுக்குழுவை உருவாக்கிய சுன்கு இதன் பின்னணியில் இருந்தவர். ஆட்டத்தை உருவாக்கிய நிண்டெண்டோ ஆட்களை நடனம் பழக வைத்த பிறகே வேலை ஓடியது. தாளத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குவோருக்கும் அப்படியொரு விதி வந்தால் நம் துறைகளில் எத்தனை நாற்காலி மிஞ்சும் என்பது தனி ஆய்வுக்குரியது. பழைய டிஎஸ் லைட்டின் அடியில் கேம்பாய் கேசட்டுக்கு ஒரு பொந்து இருப்பதால் ஜப்பானிய கேசட் நம் திண்ணையிலும் ஓடும். எழுத்து ஒன்றும் புரியாது. புரியத் தேவையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டும் ஆடலாம்.

அதில் ஓர் ஆட்டம்: வெங்காயத்துக்கு முடி பிடுங்குவது. வாசகர் சரியாகத்தான் படித்திருக்கிறார். முகம் வைத்த வெங்காயம். நான்கு அடிக்குள் அதன் மோவாயில் டிக், டிக், டிடிக் என்று முடி முளைக்கும். அடுத்த நான்கு அடியில் ஒரு சாமணம் சுற்றிவரும். முளைத்த அதே நடையில் பிடுங்க வேண்டும். சிலசமயம் சுருள்முடி ஒன்று வரும். அதைப் படக்கென்று பிடுங்க முடியாது. பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தால் நீண்டு நீண்டு வந்து கடைசியில் விடும். 2008-இல் வந்த டிஎஸ் பாகத்தில் வரிசையாக நடப்பவர்கள் திடீரென்று அரை இடத்துக்குத் தாவும் ஓர் ஆட்டம் உண்டு. கச்சேரியில் அரை இடத்து எடுப்புக்குப் பழகியவர்களே அங்கே கால் இடறுவார்கள். ஆனால் சுருள்முடிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

இப்போது திண்ணையைப் பாருங்கள். அலுமினியத் தட்டில் இறால். அத்தை தலையைத் திருகுகிறார், காலோடு ஓட்டை உரிக்கிறார், முதுகை நகத்தால் கீறுகிறார், கறுப்பு நரம்பை இழுக்கிறார். திருகு, உரி, கீறு, இழூஉ. நான்கு அடி. நாலாவது மட்டும் அளபெடை. படக்கென்று இழுத்தால் நரம்பு பாதியில் அறும், மீதி உள்ளேயே நின்று குழம்பில் மண் கடிக்கும். சுருள்முடியும் இறால் நரம்பும் ஒரே தாள அலகு என்பது இவ்வாய்வின் கருதுகோள். (ஆதாரம்: அத்தை, "மெல்லமா இழுடா", சமையற்கட்டு வாசல், முதற்பதிப்பு; திருத்திய பதிப்பு, அதே வாசல், இன்னும் உரத்த குரலில்; மலிவுப் பதிப்பு, எதிர்வீட்டுத் திண்ணை, மாலையில் யாருக்கும் கிடைக்கும்.)

எதிர்க்கருத்தும் உண்டு. நரம்பே தேவையற்றது, தலைதான் முதன்மை என்பார் ஒரு சாரார். (திண்ணைப் பூனை, "இறால் தலை: சில அவதானிப்புகள்", வாய்திறவாச் சுவடி, கடைசி ஏடு கிடைக்கவில்லை, நூலாசிரியரே தின்றிருக்க வேண்டும். இதற்கு எதிர்வீட்டுப் பூனை எழுதிய அணிந்துரை நூலைவிட நீளம். நூலை அது படித்ததற்கான தடயம் அதில் இல்லை. அணிந்துரையை மறுத்து முதற்பூனை கூரைமேல் நிகழ்த்திய அறக்கட்டளைப் பொழிவு இரவு முழுவதும் நடந்தது. தலைமையுரை, அத்தை, துடைப்பத்துடன்.)

கருதுகோளைச் சோதிக்கக் கருவியை அத்தையிடமே கொடுத்தேன். இறால் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். குட்டைமுடிகளை விட்டுவிட்டார். சுருள்முடி வந்தபோது பொத்தானைப் பிடித்தார், பிடித்தார், பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் கணக்கில் நரம்பு வந்து முடிகிற வரை அடி முடிவதில்லை; பாட்டு காத்திருக்க வேண்டும். மறுபடி முயல் என்றது கருவி.

"வெங்காயத்துக்கு எவன்டா முடி புடுங்குவான்? தோலோட உரிச்சுத் தூக்கிப் போட்டா ஆச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரரிடம் நடுவில் விட்ட கதையைத் தொடர்ந்தபடி தட்டில் மிச்சமிருந்த இறாலையும் உரித்து முடித்தார். ஒரு நரம்புகூட அறவில்லை.

ஆகக் கருதுகோள் பொய்த்தது. கருதுகோளுக்கு ஒத்துவராத தரவை என்ன செய்வது என்பதில் நமக்கு நல்ல மரபு இருக்கிறது: ஆய்வு எல்லையை மறுவரையறை செய்வது. அதன்படி இவ்வாய்வின் எல்லை திண்ணையின் மேற்குப் பாதியோடு முடிகிறது. அத்தை உட்கார்ந்திருப்பது கிழக்குப் பாதி.

மேலாய்வுக்கு ஒன்று. ரிதம் தெங்கோகு வரிசையின் புதிய பாகம் 2026-இல் நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வரும் என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அதில் இறால் உரிக்கும் ஆட்டம் இருந்து, நரம்பு வரும்வரை பாட்டும் காத்திருக்குமானால், திண்ணையின் கிழக்குப் பாதியை எல்லைக்குள் சேர்ப்பது பற்றி இரண்டாம் பதிப்பில் பரிசீலிக்கப்படும்.