91 தீபாவளிப் பாட்டு

1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. அப்போது செங்கல்பட்டில் எங்கள் தெருவில் எந்த வீட்டு டேப்பைப் போட்டாலும் இளையராஜாதான். படம் தியேட்டரைவிட்டுப் போன பிறகுதான் பாட்டு முழுசாக எங்களுடையதாகும். பாட்டுப் பதிந்து தரும் கடையில் துண்டுச்சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டில் ஏற்றித் தருவார்கள். எதற்குப் பின் எது வரவேண்டும் என்று பையன்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கடிதம் எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும், கேசட் காட்டிக்கொடுக்காது.

மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு அக்கா ஏறுவார். அவர் படியில் கால் வைத்ததும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் ஜாடை காட்டுவார். ‘யமுனை ஆற்றிலே’ ஒலிக்கும். ‘தளபதி’யில் அது ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற பாட்டு. அக்கா இடம் பிடித்து உட்காருவதற்குள் தீர்ந்துபோகும். அவர் ஒரு வார்த்தை பேசியதாக யாரும் சொன்னதில்லை. அக்காவுக்கு வெளியூரில் கல்யாணம் ஆனது.

படம் விட்டுச்சென்ற பாட்டை எடுத்து எங்கள் காதலுக்குப் போட்டுக்கொண்டோம். இப்போது படங்கள் எங்களிடமிருந்து அதே பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. அதில் ஒட்டியிருக்கும் எங்கள் பஸ்ஸும் தெருவும் சேர்ந்தே போகின்றன.

2018இல் வந்த பிரேம்குமாரின் ‘96’இல் நாயகிக்குப் பெயரே பாடகி எஸ். ஜானகியால் வந்தது. பள்ளியில் ஜானு எல்லாப் பாட்டும் பாடுவாள். நாயகன் ராம் கேட்கும் ‘யமுனை ஆற்றிலே’யை மட்டும் பாடமாட்டாள். இருபத்திரண்டு வருடம் கழித்து, அவன் வீட்டில் கரண்ட் போன இருட்டில் பாடுகிறாள். சின்மயியின் குரல். ‘தளபதி’யில் இதைப் பாடிய சுப்புலட்சுமிக்கும் கேட்ட சூர்யாவுக்கும் கல்யாணம் நடக்கவில்லை, அவள் கலெக்டருக்கு மனைவியாகிறாள். அந்தக் கதை தெரிந்தவருக்கு ஜானு வாய் திறந்த கணமே முடிவு தெரிந்துவிடுகிறது. எத்தனை உருக்கமாகப் புதுப் பாட்டு போட்டிருந்தாலும் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. 27 வருடம் வேண்டும் அதற்கு.

சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) வேறு வழி. கதை நடப்பது 1980இல். அழகரும் துளசியும் பார்த்துச் சிரித்துக்கொள்ளும்போது வரும் ‘சிறு பொன்மணி’யும் அதே வருடத்து ‘கல்லுக்குள் ஈரம்’ பாட்டு. நமக்குப் பழசு, அவர்களுக்குப் புத்தம் புதுசு. பின்னால் துளசியே அவனைக் காட்டிக்கொடுக்கப்போகிறாள் என்று அறிந்து இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

‘குணா’ பாட்டின் பயணம்தான் என்னை அதிகம் அசைத்தது. பெண்ணொருத்தியைக் கடத்திவந்து தெய்வமாகக் கும்பிட்டவன் குகைக்குள் பாடியது, 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் அதே கொடைக்கானல் குகைக்குழியிலிருந்து நண்பனை மேலே தூக்கும்போது ஒலிக்கிறது. காதல் நட்பாக மாறியது. உருக்கம் ஒரு துளி குறையவில்லை. அந்தப் படத்துக்கு இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ‘96’ஐயும் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அனுமதி கேட்காமல் எடுத்தால் படைத்தவர் கோபப்படுவது முழு நியாயம். கைதட்டலுக்காக மட்டும் பழைய பாட்டைச் செருகும் படங்கள் பெருகிவிட்ட காலத்தில் எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் ஜானுவின் பாட்டு அந்தக் கணக்கில் சேராது.

மாமல்லபுரத்தில் குளிர்காலத்தில் நடக்கும் நாட்டிய விழாவுக்குத் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஆடிய பெண்ணுக்கு இருபது வயதிருக்கும்; ஆடியது 17ஆம் நூற்றாண்டு க்ஷேத்ரக்ஞர் பதம். வராதவனுக்காகக் காத்திருக்கும் நாயகி. நாட்டியத்தில் இதை யாரும் குறை சொல்வதில்லை; ஒவ்வொரு தலைமுறையும் அதே பாட்டுக்குள் தன் ஏக்கத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. யமுனைக் கரையில் கண்ணனுக்காகக் காத்திருப்பதும் அந்த வரிசையில் வந்ததுதான்.

திரும்பும் வழியில் காரில் அந்தப் பாட்டைப் போட்டேன்.

“ஐ, ‘96’ பாட்டு!” என்றாள்.

“இல்லடி, ‘தளபதி’.”

அந்த வாரமே ‘தளபதி’யைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். “பெரியம்மா, ‘96’ஐ இன்னொரு வாட்டி பாக்கணும். ஜானு இத்தனை வருஷமா இந்த ஒரு பாட்டை மட்டும் ஏன் பாடலைன்னு இப்பத்தான் புரியுது.”