மூக்குல லாந்தரு, நாக்குல ஊரு

ஏலே பேராண்டி, அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டு இங்கன வந்து உக்காரு. போனு அப்படியே ஸ்பீக்கர்ல கிடக்கட்டும். உன் கூட்டாளிப் பயலுவளும் கேட்டுக்கிடட்டும். ஒரு மணி நேரமா திண்ணையில கிடந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூக்குல லாந்தரைத் தொங்க விட்டுக்கிட்டு ஒரு குள்ளப் பய டிவிக்குள்ள குதிக்கான். அவன் பேசுத இங்கிலீசு எந்த ஊருன்னு நாலு பேருக்குள்ள சண்டை. ஒருத்தன் அயர்லாந்துங்கான். ஒருத்தன் ஸ்காட்லாந்துங்கான். இன்னொருத்தன் கடற்கொள்ளைக்காரன் பேச்சுங்கான். நீ அவனுவளுக்கும் மேல போயி, 'சத்தியமா இது நம்ம இந்தியாக்காரன் குரலுலே'ன்னு அடிச்சுப் பேசுத. பலே! இங்கிலீசு மீடியத்துல பணத்தைக் கொட்டுன உங்கப்பனைக் கூப்பிட்டு ஒரு மாலை போடணும்.

தெரியாத இங்கிலீசு காதுல விழுந்தா அயர்லாந்துன்னு சொல்லித் தப்பிச்சுக்கிடுதது ஒரு வழக்கமாவே போச்சு. மருந்துக்கடையில எந்த நோவுக்கும் அதே வெள்ளை மாத்திரையை நீட்டுவான்லா, அந்தக் கதைதான். நான் சொல்லுதேன் கேளு. அந்தப் பய பேரு டிரிப்பி. அவன் பேசுதது வேல்ஸ் பேச்சு. அதுலயும் தெக்கு வேல்ஸ்.

பனங்காட்டுக்குள்ள கருப்பட்டி காய்ச்சுன கெழவனுக்கு இது எப்படித் தெரியும்னு ஒருத்தன் போனுக்குள்ள சிரிக்கான் பாரு, அவனுக்கே மொதல்ல பதில். உடன்குடி கருப்பட்டியை வித்த காசுல பம்பாய்க்கு ரயில் ஏறி, இரும்புக்கல் ஏத்துத கப்பல்ல பண்டாரியா சேந்தவம்லே நான். பண்டாரின்னா கப்பல் சமையக்காரன். 1974-ல எங்க கப்பல் போர்ட் டால்பட் துறைமுகத்துல போயி நின்னுது. வேல்ஸுக்குத் தெக்குக் கரை. இரும்புக்கல் கப்பலுக்குன்னே 1970-ல தொறந்த துறை அது. பக்கத்துலயே ராப்பகலா எரியுத இரும்பு உலை. ஆன்டனி ஹாப்கின்ஸ்னு படத்துல மனுசக் கறி திங்க டாக்டரா வருவாரே, அவரு பொறந்த ஊரு. அந்த உலையில கடைசியா எரிஞ்சதையும் 2024 செப்டம்பர்ல அணைச்சுப்போட்டாவளாம். கேட்டப்பம் மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்துது.

அங்கன கப்பலுக்குக் காய்கறி கொண்டாந்து குடுக்க ஒரு ஆளு வருவான். நான் வெங்காயம் கேட்டேன். 'நவ் இன் எ மினிட்'ன்னான். நவ்வுன்னா இப்பம். மினிட்டுன்னா நிமிசம். ரெண்டையும் சேத்துச் சொல்லுதானே, இம்புட்டு வெரசா ஒரு ஆளான்னு மெச்சிக்கிட்டே போயி அடுப்புல எண்ணெயை ஊத்திட்டேன். எண்ணெய் காஞ்சுது. பொகைஞ்சுது. கருகிச்சு. சட்டியைத் தேய்ச்சுக் கழுவிக் கவுத்தும் வச்சாச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு வெங்காய மூட்டையோட சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கான். கூட இருந்த கோவா மேட்டு விழுந்து விழுந்து சிரிக்கான். அந்த ஊருல 'நவ் இன் எ மினிட்'ன்னா 'பொறவு எப்பமாவது'ன்னு அர்த்தமாம். அன்னைக்கு வச்ச காதுலே இது. சும்மா இல்ல.

இப்பம் உன் தப்புக்கு வாரேன். நம்மாளுன்னு நினைச்சல்லா, அது கோட்டித்தனமில்ல. இங்கிலீசுக்காரனே வேல்ஸ் பேச்சை நடிச்சுக் காட்டுதேன்னு கிளம்பி, பாதி வழியில இந்தியாவுல வந்து இறங்கிருவான். அவனுவளுக்குள்ளயே அது பழைய கேலி. ஏன்னு கேளு. 'சிட்டி'ன்னு ஒரு சொல்லு. லண்டன்காரன் நடுவுல உள்ள எழுத்தை ஒரு தட்டு தட்டிட்டு ஓடிருவான். வேல்ஸ்காரன் அதுமேல ஏறி உக்காந்து, அழுத்தி, 'சிட்ட்டி'ன்னு இறங்குவான். நாமளும் அப்படித்தான், எழுதும்போதே ரெண்டு ட் போட்டுத்தான எழுதுதோம். காசுக்கு அவன் சொல்லுத 'மன்னி'யும் அதே கணக்கு. அப்பொறம் ராகம். வேல்ஸ் பாஷையில அழுத்தம் கடைசிக்கு முந்துன அசையில விழும், குரலு மட்டும் கடைசி அசையில மேல ஏறும். அதே ஏத்த இறக்கம் இங்கிலீசுக்குள்ளயும் வந்து குடியேறிட்டு. 2021 கணக்குப்படி வேல்ஸ் பாஷை பேசத் தெரிஞ்சவங்க 5 லட்சத்து 38 ஆயிரம் பேருதான். ஆனா அதுல ஒரு வார்த்தை தெரியாதவன் வாயிலயும் அந்த ராகம் இருக்கு. பாட்டி செத்தாலும் பாட்டி வச்ச கொழம்பு ருசி வீட்டுல நிக்குல்லா, அந்த மாதிரி.

அப்பம் நம்மாளையும் அவனையும் எப்படிப் பிரிக்கது? நாக்கைப் பாருலே. 'டைடி'ன்னு சொல்லு. ம்... நாக்கு மடங்கி மேலண்ணத்துல போயி இடிக்கா? அது நம்மாளு. இப்பம் மடிக்காம, பல்லுக்குப் பின்னால சும்மா தொட்டுட்டுச் சொல்லு. துப்பாதலே, சொல்லத்தான் சொன்னேன்! அதுதான் வேல்ஸ். இன்னொண்ணு, 'வெரி வெல்'. நமக்கு ரெண்டும் ஒரே வ. அவனுக்கு மொதல்ல உள்ளது உதட்டைக் கடிச்சு வரும், ரெண்டாவது உதட்டைக் குவிச்சு வரும். உன் டிரிப்பியை மறுபடியும் பேசவிட்டுப் பாரு. ஒரு இடத்துலயாவது அவன் நாக்கு மடங்குச்சுன்னா நான் மீசையை எடுத்துருதேன். மீசை இல்லன்னா சிரிக்க? அதனாலதாம்லே தைரியமாச் சொல்லுதேன்.

ராகத்தை மட்டும் நம்புனா ஏமாந்துருவ. ராகத்தை எவனும் திருடலாம். வாக்கியத்தோட வாலைப் பிடி. நான் 'லே' ஒட்டுத மாதிரி அவன் வாக்கியத்துக்கு வாக்கியம் 'மன்'னுன்னு ஒட்டுதான். 'என்ட் இட்'டுன்னு கேட்டு முடிக்கான், அது நம்ம 'அப்படித்தானலே' மாதிரி. பதிலை எதிர்பாத்துக் கேக்கமாட்டான். சந்தோசம் வந்தா 'டைடி'ங்கான். இங்கிலாந்துல டைடின்னா துப்புரவு. தெக்கு வேல்ஸுல நல்ல சோறும் டைடி, நல்ல மனுசனும் டைடி, பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சாலும் டைடி. பொறவு, எதை அழுத்திச் சொல்லணுமோ அதைத் தூக்கி முன்னால வச்சுருவாவ. 'களைச்சுப் போயிருந்தான் அவன்'ங்கத இங்கிலீசுல 'டயர்ட் ஹி வாஸ்'னு சொல்லுவான். அது வேல்ஸ் பாஷையில இருந்து வந்த பழக்கம். அயர்லாந்துக்காரனும் இந்த வேலை பண்ணுவான்னு வையி. அதனால இந்த ஒரு தடயத்தை மட்டும் வச்சுக்கிட்டு எவனையும் கூண்டுல ஏத்தாத.

இது எல்லாத்தையும் விட பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. அதை உங்க நாலு பேருல ஒருத்தனும் கேக்கல. பொம்மைக்கு எதுலே ஊரு? அவன் பொறந்தது எவனோ வரைஞ்ச காகிதத்துல. அவனுக்கு இந்த நாக்கை ஒட்டவச்சது ஆரு, எதுக்குன்னு கேக்கணும்லா? உன் அக்கா படிச்சுச் சொன்னா. இந்த ஆட்டம் பேரு நி நோ குனி. ஜப்பான்ல லெவல்-5ன்னு ஒரு கம்பெனி செஞ்சுது. படம் வரைஞ்சது ஜிப்லின்னு இன்னொரு கம்பெனி. பிளேஸ்டேஷன் 3-ல 2011-ல அங்கன வந்து, 2013-ல இங்கிலீசுல வந்துது. ஜப்பான்ல அந்தக் குள்ளன் பேரு ஷிசுகு, துளின்னு அர்த்தமாம். ஆட்டத்துல வார ஆலிவர்ப் பய கண்ணீர் பொம்மை மேல சிந்தித்தான அவன் உயிர் வந்து எந்திரிக்கான். அந்த ஷிசுகு பேசுதது ஒசாகா பக்கத்துப் பேச்சு. ஜப்பான்ல வாய் நிக்காத ஆளு, யாவார ஆளு, சிரிக்கவைக்க ஆளுன்னா ஒசாகாக்காரம்பாவ. அங்கன மேடையில ரெண்டு பேரு நின்னு ஒருத்தனை ஒருத்தன் வாருத காமெடி ஊரறிஞ்ச சமாச்சாரம். ஜப்பான் குரல் குடுத்த ஃபுருட்டா அராட்டா கோபேல பொறந்தவரு. ஒசாகாவுக்குப் பக்கத்து ஊரு, பேச்சும் அந்த வட்டாரந்தான்.

இதை இங்கிலீசுக்குக் கொண்டுவரும்போது என்ன செய்வ? லண்டன் பேச்சு குடுத்தா உப்பில்லாக் கஞ்சி. ஒசாகாக்காரனை டெக்சாஸ்காரனாக்குத வழக்கம் அமெரிக்காவுல உண்டு. இவிய வேல்ஸைப் பிடிச்சாவ. ஸ்டெஃபான் ரோட்ரின்னு அசல் வேல்ஸ்காரரைக் கூப்பிட்டுப் பேசவிட்டாவ. கேவின் அண்ட் ஸ்டேசின்னு அவிய ஊரு நாடகத்துல கோச்சு ஓட்டுத டேவா வந்தவரு. நான் கேட்டா இதை மொழிபெயர்ப்புன்னு சொல்லமாட்டேன், சம்பந்தம்னு சொல்லுவேன். ஒசாகாவுக்கு வேல்ஸுல பொண்ணு பாத்து முடிச்சிருக்காவ. ரெண்டு வீடும் வாய் ஓயாத வீடு, ரெண்டும் தலைநகரத்துக்காரன் முன்னால கூசாத வீடு. கூடவே அந்த ஆலிவரு அமெரிக்கப் பேச்சு பேசுத அப்பிராணி. அவன் பக்கத்துல நிக்கப்பம் டிரிப்பி வாய் இன்னும் எடுப்பாத் தெரியுது. மோருக்குப் பக்கத்துல ஊறுகா.

எல்லா இடத்துலயும் இப்படி நேரா இருக்கும்னு நினைச்சுராத. ஓவர்வாட்சுன்னு நீ ராத்திரி சுட்டுக்கிட்டுக் கிடப்பியே, அதுல லண்டன் பேச்சு பேசுத டிரேசர் புள்ளைக்குக் குரல் குடுத்த காரா தியோபோல்ட் வடக்க யார்க்ஷயர்ல பொறந்தவ. டீம் ஃபோர்ட்ரஸ் 2ன்னு 2007-ல வந்ததுல, ஸ்காட்லாந்துக் குடிகாரனும் ரஷ்யாக்காரத் தடியனும் ஒரே தொண்டை. கேரி ஷ்வார்ட்ஸுன்னு ஒரு அமெரிக்கர். காலையில ஒரு நாடு, மத்தியானம் ஒரு நாடு. நடிகன் எந்த ஊருன்னு தேடிப்போயி பாத்திரத்துக்கு ஊரு முடிவு பண்ணுதவன், வேசம் கட்டுனவனை நெசமாவே ராவணன்னு நினைச்சுக் கல்லெறிஞ்ச கதையிலதான் போயி நிப்பான்.

இதுலயும் மேல ஒருத்தன் இருக்கான். விட்சர் ஆட்டத்துல வார வெள்ளமுடிக்காரன், ரிவியாவூர் கெரால்ட். அந்தாளு ரிவியாக்காரனே கிடையாதுலே. சப்கோவ்ஸ்கி எழுதுன கதையில, பேருக்குப் பின்னால ஒரு ஊரு வேணும்னு ரிவியாவைப் போட்டுக்கிட்டான். போட்டதோட விட்டானா? ரிவியா இழுப்பையும் முக்கிப் பழகிக்கிட்டான். அப்பொறம் அந்த ஊரு ராணியே பட்டம் குடுத்து அதை நெசமாக்கிட்டா. ஆட்டத்துல இங்கிலீசு பேசும்போது அவனுக்கு அமெரிக்கக் குரலு. இப்பம் சொல்லு பாப்போம், அவன் எந்த ஊரு?

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். சுரங்கம் தோண்டுத குள்ளன்னா ஸ்காட்லாந்து, திருடன்னா கிழக்கு லண்டன், ராசான்னா அரமனை இங்கிலீசு. இதை ஆரு எழுதிவச்சா? வேல்ஸ்காரனும் சுரங்கம் தோண்டுனவன்தாம்லே, அவனுக்கு ஒரு குள்ளன் குடுத்தா என்ன? 2017-ல வந்த செனோபிளேடு கிரானிக்கிள்ஸ் 2-ல பரவால்ல, கொஞ்சம் யோசிச்சிருக்காவ. மேகத்துல மிதக்குத பெரிய பெரிய மிருகத்து மேல நாடு. ஒரு நாட்டுக்கு வேல்ஸ், ஒண்ணுக்கு ஸ்காட்லாந்து, ஒண்ணுக்கு ஆஸ்திரேலியான்னு பேச்சைப் பங்கு வச்சுக் குடுத்திருக்காவ. வாயைத் தொறந்தாப் போதும், எந்த மிருகத்து முதுகுல பொறந்தான்னு தெரிஞ்சுபோகும். அதுல நியாங்கத பொண்ணு பேசுத வேல்ஸைக் கேளு. அம்புட்டும் அந்த வெங்காயக்காரன் குரலு, பொம்பளையா மாறி வந்த மாதிரி.

நம்ம பேச்சுல இந்த இழுப்பு, வாலு ஒண்ணும் கிடையாது பாத்தியா. நேரான தமிழு. அதனாலதான் அடுத்தவன் பேச்சு எனக்குத் துல்லியமாக் கேக்கு. என்னலே சிரிக்க? என்ன, போனுல ஒரு பய ஏதோ சொல்லுதான். சத்தமா வையி. 'தாத்தா பேசறது செமயா இருக்குதுங்க, நாகர்கோவிலுங்களா'வா?

நாகர்கோயிலா! நானா? எந்த ஊருக்காரம்லே அவன்? கோயம்புத்தூரா? என்ன காதுலே அது, வெண்டைக்காயா? திருச்செந்தூர்க் கரைக்கும் நாகர்கோயிலுக்கும் வித்தியாசம் தெரியாத பய அயர்லாந்துங்கான், ஸ்காட்லாந்துங்கான்! போனைக் குடுலே இங்கன... வேண்டாம், வேண்டாம். உங்க ஆச்சி சோத்துக்குக் கூப்பிடுதா. தாத்தா வந்து பதில் சொல்லுவாருன்னு சொல்லி வையி. எப்பம்னு கேட்டா, 'நவ் இன் எ மினிட்'ன்னு சொல்லு.