சாயம் கூட்டி, சீனி குறைச்சு

வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தேத்தண்ணி குடித்ததே இல்லை. அவரைப் பற்றி நாடகம் போட்டவர்களும் சிலை வைத்தவர்களும் இந்தப் பெருங்குறையைச் சொல்லாமல் விட்டதால் நான் சொல்லிவிடுகிறேன். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடுங்கிய அந்த மனிதருக்கு, களைப்பாற ஒரு பிளேன் ரீ ஊற்றிக் கொடுக்க வன்னியில் ஆள் இருக்கவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் அவரைத் தோற்கடித்ததாகக் கல்லில் பெயர் ஏறிய கப்டன் வொன் டிறிபேர்க்குக்கும் இலங்கைத் தேயிலை கிடைக்கவில்லை. செடி சீனாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்ததே 1824 இல்தான். அதுவும் பார்த்து ரசிக்க.

அப்போது வன்னியில் என்ன குடித்தார்கள்? மோர், கஞ்சி, கள். காய்ச்சல், தடிமன் என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்த தண்ணி. வயிற்றுக்கு நற்சீரகத் தண்ணி. சூட்டுக்கு நன்னாரி வேர், இல்லாவிட்டால் ஆவரசம்பூ. இன்றைக்குக் கொழும்புக் கடைகளில் பளபளக்கும் பெட்டியில் ‘ஹேர்பல் ரீ’ என்று விற்கும் சரக்கு முழுவதும் அன்றே அம்மம்மாக்களின் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆக, உலகம் முழுவதும் தேயிலை முதலில் வந்து வாசனை பிறகு சேர்ந்தது என்றால், எங்கள் பக்கத்தில் வாசனை எப்போதோ தயாராக நின்றது. தேயிலைதான் பிந்தி வந்தது, அதுவும் தூளாக.

அது ஏன் தூளாக வந்தது என்பதற்கு லண்டன் வரைக்கும் போக வேண்டும். அங்கே சார்ள்ஸ் கிரே என்று ஒரு பிரபு, 1830 முதல் 1834 வரை பிரதமர். அவருடைய பெயரில்தான் ‘ஏர்ல் கிரே’ என்ற மணத் தேயிலை உலகம் சுற்றுகிறது. பெர்கமட் என்ற ஒரு புளிப்புப் பழத்தின் தோலெண்ணெயைத் தேயிலையில் கலப்பதுதான் அதன் இரகசியம். பிரபு ஒரு சீனனின் பிள்ளையைக் காப்பாற்றினாராம், நன்றிக் கடனாக அந்தச் சீனன் செய்முறையைச் சொல்லிக் கொடுத்தானாம். பிரபு சீனாவுக்குப் போனதும் இல்லை, சீனர்கள் தேயிலைக்குப் பெர்கமட் போடுவதும் இல்லை. மலிவுத் தேயிலைக்குப் பெர்கமட் வாசம் ஏற்றி நல்ல தேயிலை என்று தலையில் கட்டுவது அந்தக் காலத்து லண்டன் வியாபாரிகள் சிலரின் தொழில் என்பதுதான் கதையின் வாசம் குறைந்த பகுதி. அவர்களுக்கு மணம் என்பது மட்டமான தேயிலையை மறைக்கத்தான்.

ஆனால் கிரே பிரபுவுக்கும் தேத்தண்ணிக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிழக்கிந்தியக் கம்பனியின் சீன வணிக ஏகபோகத்தை முடித்த சட்டம் அவர் ஆட்சியில், 1833 இல் வந்தது. அதே ஆண்டில்தான் அடிமை ஒழிப்புச் சட்டமும். அடிமைகள் விடுதலையானதும் மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பித் தோட்டம் படுத்துவிட்டது. உடனே துரைமார் இலங்கை மலைக்குப் பாய்ந்தார்கள். அடிமை கூடாது என்றால் என்ன, கூலி கூடும்தானே? தமிழ்நாட்டிலிருந்து சனத்தைத் தோணியில் ஏற்றி, மன்னார்க் கரையில் இறக்கி, வன்னிக் காட்டோரமாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடக்க விட்டார்கள். தண்ணீர் இல்லாமலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிரபுவின் பெயரைப் பைக்கற்றில் போட்டது போல அவர்கள் பெயரை எவரும் எந்தப் பைக்கற்றிலும் போடவில்லை.

1869 இல் கோப்பி இலையில் துருப்போல ஒரு பூஞ்சணம் பிடித்து, துரைமாரின் கனவெல்லாம் உதிர்ந்தது. நல்லவேளை, ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867 இலேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு வைத்திருந்தார். அவருடைய முதல் தொழிற்சாலை எது தெரியுமா? சொந்த பங்களா விறாந்தை. மேசையில் இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி போட்டு வாட்டினார். வீட்டில் தேயிலை செய்து பார்த்தேன் என்று பெருமையடிக்கிறவர்கள் இந்தத் துரையிடம் பாடம் கேட்கலாம். பிறகு 1890 இல் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். மிச்சம் விளம்பரம்.

தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை என்று ஒன்று உண்டு. சமூகநீதிக்கு நேரெதிரான கருவி அது. மேலே நிற்கும் நல்ல இலை கப்பலேறிவிடும். அதற்கு ஒறேஞ்ச் பீக்கோ என்று பெயர், தோடம்பழம் அதன் பக்கத்தில் கூடப் போயிருக்காது. கடைசியில் அடியில் விழுவது டஸ்ட். கொழுந்து பறித்தவர்களின் லயத்துக்கும் அதுதான். 1905 இல் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடத் தொடங்கியபின் மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் இறங்கியதும் அதுவேதான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்களை வவுனியாப் பக்கம் காந்தியம் அமைப்பு குடியேற்றியபோது, ஆயுள் முழுக்கத் தேயிலை பறித்த கைகள் ஒரு தேயிலைச் செடியும் முளைக்காத மண்ணுக்கு வந்து சேர்ந்தன. அவர்களும் கடையில் வாங்கியது டஸ்ட்தான்.

சரி, தூள் வந்துவிட்டது. இனி வன்னியின் முறை.

முதல் எதிரி எங்கள் கிணறு. இங்கே பல கிணறுகளில் கல்சியம் கூடிய கடினநீர். அந்தத் தண்ணியில் ஊற்றிய தேத்தண்ணியைக் கொஞ்சம் ஆற வைத்துப் பாருங்கள்: மேலே எண்ணெய் மினுக்கம் போல ஒரு படலம் கட்டும், கரண்டி பட்டால் சில்லுச் சில்லாக உடையும். கேத்தல் சரியாகக் கழுவவில்லை என்று மருமகள்மார் எத்தனை பேர் வீணாக ஏச்சு வாங்கினார்களோ! கல்சியமும் தேயிலைச் சத்தும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. அதற்கு மருந்து அரைத் தேசிக்காய். புளி விழுந்த கணமே படலம் கலையும், கன்னங்கரேலென்று இருந்த சாயம் செம்பொன் நிறத்துக்கு வெளுக்கும். இரசாயனம் படிக்காத அம்மம்மா அதை “முகம் தெளியுது” என்று சொல்லுவா.

இரண்டாவது இஞ்சி. தோலைச் சுரண்டி, அம்மியில் ஒரே ஒரு தட்டு. விழுதாக அரைத்தால் காரம் மட்டும் வரும், நார் விரிகிற அளவுக்கு நசித்தால்தான் மணம் வரும். இஞ்சியை முதலில் தண்ணியில் கொதிக்க விட வேண்டும். பச்சை இஞ்சியை நேரே பாலில் போட்டால் பால் திரைந்துவிடும், புரதத்தை வெட்டும் நொதியம் ஒன்று அதில் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அடங்கிவிடும். தேயிலையையோ கொதிக்க விடவே கூடாது. வடியில் தூளைப் போட்டு, துள்ளிக் கொதிக்கும் தண்ணியை மேலால் ஊற்றி, பேணிக்குப் பேணி ஒரு முழ உயரத்தில் ஆற்றி நுரை எழுப்ப வேண்டும். தூளைப் போட்டு அவிக்கிறவர்களுக்குக் கிடைப்பது தேத்தண்ணி இல்லை, தோல் பதனிடும் கசாயம்.

வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டில் விளக்கே ஏற்றாத சாரதியும் அந்தப் பிள்ளையாரிடம் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைப்பார். பிள்ளையாருக்கு ஒரு நிமிடம், பிளேன் ரீக்கும் கச்சானுக்கும் கால் மணித்தியாலம். கோயில் பொருளாதாரம் என்றால் அதுதான்.

சீனியின் கதை தனி. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்கு அரசாங்கம் போட்டது பொருளாதாரத் தடை. எரிபொருள் தடை, பற்றரி தடை, சீமெந்து தடை, உரம் தடை. ஒரு பேணித் தேத்தண்ணி அரசாங்கத்தைக் கவிழ்க்கும் என்று எந்தத் தளபதியும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் சீனி அருமையாகிப் போனது. சனம் அசரவில்லை. பனை நின்றது, பனங்கட்டி இருந்தது. அதைத் தேத்தண்ணியில் கரைப்பது ஊதாரித்தனம். உள்ளங்கையில் ஒரு துண்டு, ஒரு கடி, ஒரு மிடறு. கெட்டித்தனம் கூடியவர்கள் நாலு மிடறுக்கு ஒரு கடி. பனங்கட்டியும் இல்லாத வீட்டில் ஒரு இனிப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள். கோப்பித்தூளுக்கும் அதே விதி: கொட்டை குறையக் குறைய மல்லி கூடியது, கடைசியில் கோப்பி வெறும் வாசமாக மட்டும் வந்துபோனது. மறைப்பதற்குத்தான் மணம் என்று லண்டன் வியாபாரி கண்டதை எங்கள் சனம் விளம்பரமில்லாமல் செய்தது. ஒரு வித்தியாசம், எவரையும் ஏமாற்றவில்லை. விருந்தாளிக்கும் தெரியும், பேணியில் எவ்வளவு தேயிலை இருக்கிறது என்று.

இதற்கிடையில் வெள்ளைக்காரன் தேத்தண்ணியைச் சட்டமாகவே எழுதிவிட்டான். 1980 இல் வந்த சர்வதேசத் தரம் ஒன்று 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல் என்கிறது. அதற்கு வழிகாட்டிய பிரித்தானியத் தரநிர்ணய நிறுவனத்துக்கு 1999 இல் பகிடி நோபல் பரிசான ‘இக் நோபல்’ கொடுத்துக் கௌரவித்தார்கள். கொழும்பில் 1883 இல் தொடங்கிய தேயிலை ஏலத்துக்குச் சுவை பார்க்கும் கனவான்கள் கரண்டியில் அள்ளி ‘ஸ்ர்ர்ர்’ என்று பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சுவார்கள். காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் மூக்கின் பின்பக்கம் ஏறுமாம். எங்கள் அப்புமார் சோசரில் ஊற்றி அதே சத்தத்தை எழுப்பியபோது, படித்த பிள்ளைகள் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தினார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு உறிஞ்சினால் நிபுணர், திண்ணையில் உறிஞ்சினால் நாகரிகம் தெரியாத கிழவன்.

இப்போது கிளிநொச்சிக் கடைகளில் இஞ்சித் தேயிலை பைக்கற்றில் தொங்குகிறது. கறுவா, ஏலம், புதினா, ஸ்ரோபெரி எல்லாம் உண்டு. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ‘இயற்கையை ஒத்த சுவையூட்டி’ என்று வாசித்த ஒரு அக்கா கடைக்காரரிடம் கேட்டா: “ஒத்ததெண்டா, தம்பி, இஞ்சியின்ர சொந்தக்காரரோ?”

வன்னி தனக்குள் படித்து முடித்த பாடத்தை நாடு 2021 இல்தான் தொடங்கியது. எதிரிக்குப் போகக்கூடாது என்று வன்னிக்கு உரத்தை மறித்த தலைநகரம், அந்த ஆண்டு தன் கையாலேயே முழு நாட்டுக்கும் இரசாயன உரத்தை மறித்தது. தேயிலைத் தோட்டம் வாடியது. அடுத்த ஆண்டு டொலர் இல்லை, பால்மா இல்லை. பால்தேத்தண்ணி இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்றிருந்த கொழும்புக் கனவான்கள் கடைகளில் வெறுந்தேத்தண்ணியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடிக்கப் பனங்கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே 2021 டிசம்பரில் அரசாங்கம் இன்னொரு வித்தை காட்டியது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் கடன். காசு இல்லை, மாதம் 5 மில்லியன் டொலருக்குத் தேயிலை தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டது. ஈரானியர்கள் சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பார்கள். ஆட்களின் பழக்கத்தை முன்கூட்டி விசாரித்து, முல்லைத்தீவுப் பனங்கட்டியும் ஒரு கப்பல் சேர்த்து அனுப்பியிருந்தால் கடனில் பாதி அப்போதே கழிந்திருக்கும்.